ஆயா இருக்கும் வீட்டுக்கு எந்த மாஸ்க்?

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரில் பனி விழாது. ஆனாலும் ஜூன் பிறந்துவிட்டால் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும், சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். வீட்டுக்குள் ஆறு பேர், ஒரு ஹீட்டர், எல்லாருக்கும் ஒரே காற்று. ஃப்ளூ காலமும் அதுதான். என் மாமியாருக்கு வயது 79. சிஓபிடி என்கிற நுரையீரல் அடைப்பு நோய் பல வருடமாக இருக்கிறது. நான் அவரை அத்தை என்கிறேன், பிள்ளைகளுக்கு அவர் ஆயா. ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் வீட்டில் அவர் மூச்சைச் சுற்றித்தான் நகரும்.

இரண்டு வருடத்துக்கு முன் என் சின்னவன் பள்ளிக்கூடத்திலிருந்து இருமலோடு வந்தான். சாதாரணச் சளி என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் ஏறியதும்தான் எல்லாரும் மாஸ்க் தேடினோம். ஆறாம் நாள் அத்தை மருத்துவமனையில். ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பினார், ஆனால் பழையபடி மாடிப்படி ஏற அவருக்கு மூன்று மாதம் ஆனது. அன்றிலிருந்து மாஸ்க் விஷயத்தில் யார் எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கிறேன், கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கொழுந்தன் பேச்சை எடுத்தான். "அண்ணி, மாஸ்க்கால ஒண்ணும் ஆகாதுன்னு காக்ரேனே சொல்லிட்டாங்க. எதுக்குக் காசை வீணாக்குறீங்க?" என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டாள். இருவரும் கெட்டிக்காரர்கள், இருவருக்கும் ஆயா மேல் உயிர். எனக்குத் தோன்றியது இதுதான்: "மாஸ்க் வேலை செய்யுமா" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த மாஸ்க், யார் முகத்தில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் வரும். இந்தக் குளிர்காலத்துக்கு எங்கள் வீட்டில் என்ன செய்வது என்று முடிவெடுக்க அப்படித்தான் பிரித்துப் பார்த்தேன்.

முதலில் கொழுந்தன் சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு. 2023 ஜனவரியில் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 78 ஆய்வுகள் இருந்தன. பொதுமக்களிடம் மாஸ்க் போடச் சொல்வதால் ஃப்ளூ, கோவிட் போன்ற நோய்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பது அதன் சாரம். ஆனால் மார்ச் மாதத்தில் காக்ரேன் தலைமை ஆசிரியர் கார்லா சோரெஸ் வைசரே ஒரு விளக்கம் கொடுத்தார். "மாஸ்க் வேலை செய்யாது" என்று அதைப் படிப்பது தவறு, கையில் இருக்கும் ஆய்வுகளை வைத்து உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை என்றுதான் அர்த்தம் என்றார். இரண்டும் ஒன்றல்ல. அந்த ஆய்வுகள் பலவற்றில் மாஸ்க் போடச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஒழுங்காகப் போடவே இல்லை. மாத்திரையைப் பாதி நாள் மறந்தவரைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்ட முடியுமா?

தனித்தனி ஆய்வுகளைப் பார்த்தபோது எனக்கு இன்னும் தெளிவானது. டென்மார்க்கில் 2020-இல் சுமார் 6,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் போடச் சொன்னவர்களில் 1.8 சதவீதம் பேருக்கும், சொல்லாதவர்களில் 2.1 சதவீதம் பேருக்கும் கோவிட் வந்தது. அந்த அளவு வித்தியாசத்தை வைத்து எந்தப் பக்கமும் பேச முடியாது. வங்காளதேசத்தில் 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்தது மிகப் பெரிய ஆய்வு. இலவசமாக மாஸ்க் கொடுத்து, கடைத்தெருவில் நின்று நினைவூட்டி, போடுகிறவர் எண்ணிக்கையை 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்த்தினார்கள். அதாவது மாஸ்க் கொடுத்த கிராமத்திலும் பாதிக்கு மேல் போடவில்லை. அப்படியிருந்தும் அறிகுறியோடு வந்த கோவிட் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம் குறைந்தது. துணி மாஸ்க் கொடுத்த கிராமங்களில் தெளிவான பலன் தெரியவில்லை. அத்தையின் வயதை நினைத்துக்கொண்டு அந்த 35-ஐ இரண்டு முறை படித்தேன்.

நார்வேயில் 2023-இல் 4,647 பேரிடம் நடந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது கோவிட் மட்டும் பார்க்கவில்லை. பதினான்கு நாள் கடைகளிலும் பேருந்திலும் சர்ஜிக்கல் மாஸ்க் போட்டவர்களில் 8.9 சதவீதம் பேர் சளி, இருமல் என்று சொன்னார்கள், போடாதவர்களில் 12.2 சதவீதம் பேர். அவரவர் சொன்னதை வைத்துக் கணக்கெடுத்ததால் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஆனாலும் சின்னதாக, உண்மையாக ஒரு பலன் இருக்கிறது என்று நம்புகிறேன். பூஜ்யமும் இல்லை, கோட்டைச் சுவரும் இல்லை. கொழுந்தனிடம் இதைச் சொன்னபோது, "சரி அண்ணி, அப்ப எந்த மாஸ்க்?" என்று கேட்டான்.

அங்கேதான் எனக்குத் தயக்கம். காரணம் அத்தைதான். இளவயதில் அவர் டர்பன் துணி ஃபேக்டரிகளில் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர், இருபத்தெட்டு வருடம். 2020 மே 1-ஆம் தேதியிலிருந்து வெளியே போனால் துணி மாஸ்க் கட்டாயம் என்று அரசாங்கம் சொன்னபோது, பீரோவிலிருந்த பருத்தித் துணியையெல்லாம் எடுத்து, மூன்று அடுக்கு வைத்து, எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் தைத்துக் கொடுத்தார். ஸூலு, தமிழ், தெலுங்கு, முஸ்லிம் என்று யார் வந்து கேட்டாலும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. சர்ஜிக்கல் மாஸ்க் மருத்துவமனைகளுக்கே போதாமல் இருந்த நேரம் அது. அன்றைக்கு அவர் செய்தது சரியான காரியம், இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இன்று கடைகளில் நல்ல மாஸ்க் கிடைக்கும்போது துணி மாஸ்க்கைக் கடைசியில்தான் வைக்க முடியும்.

வியட்நாமில் ஹனோயில் 14 மருத்துவமனைகளில் 1,607 ஊழியர்களிடம் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. துணி மாஸ்க் போட்டவர்களுக்குச் சர்ஜிக்கல் மாஸ்க் போட்டவர்களைவிட அதிகமாக ஃப்ளூ மாதிரிக் காய்ச்சல் வந்தது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது அந்தத் துணி வழியாக 97 சதவீதத் துகள்கள் நுழைந்துவிட்டன, சர்ஜிக்கல் மாஸ்க்கில் 44 சதவீதம். ஈரமான துணி மாஸ்க்கை மறுபடி மறுபடி போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். துணிகளிலும் வித்தியாசம் உண்டு. நெருக்கமாக நெய்த மூன்று அடுக்கு, ஒரே அடுக்கு ஸ்கார்ஃபைவிட எவ்வளவோ மேல். ஆனால் எங்கள் வீட்டில் காற்றுக்குத் தடுமாறும் ஒருவர் இருக்கும்போது "எதுவும் இல்லாததற்கு இது மேல்" என்ற அளவில் நான் நிற்க முடியாது.

துணி ஏன் தோற்கிறது, மற்றது ஏன் ஜெயிக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "வைரஸ் அவ்வளவு சின்னது, மாஸ்க் ஓட்டை அதைவிடப் பெரியது, கொசுவலையில் மணல் விழுகிற மாதிரி நுழைந்துவிடும்" என்று பலர் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வைரஸ் தனியாகப் பறப்பதில்லை. எச்சிலும் சளியும் சேர்ந்த நுண்ணிய துளிகளுக்குள் உட்கார்ந்துதான் வரும், அந்தத் துளிகள் வைரஸைவிடப் பெரியவை. அப்புறம், நல்ல மாஸ்க் சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. அதன் நடு அடுக்கு பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி ஊதிச் செய்த இழைகள், அவற்றில் நிலைமின்சாரம் ஏற்றியிருப்பார்கள். சின்ன வயதில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்கி விளையாடியிருப்போமே, அதே ஈர்ப்புதான். இழைகளுக்கிடையே போகிற துகளை அது பிடித்து இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். பருத்தித் துணியில் இந்தச் சக்தி இல்லை. அதனால்தான் எஃப்எஃப்பி2 என்ற, முகத்தோடு இறுக ஒட்டும் மாஸ்க்கைச் சோப்புப் போட்டுத் துவைக்கக் கூடாது, சானிடைசர் தெளிக்கவும் கூடாது. பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும், உள்ளே மின்சாரம் போயிருக்கும்.

அப்படியானால் சர்ஜிக்கல் மாஸ்க்கிலும் அந்த நடு அடுக்கு இருக்கிறதே? இருக்கிறது. அதன் துணி நல்லதுதான். குறை கன்னத்து ஓரத்தில். காற்று எப்போதும் சுலபமான வழியைத் தேடும், இரண்டு பக்கமும் திறந்திருக்கும் இடுக்கில் புகுந்து வந்துவிடும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தெரியும், மாஸ்க் போட்டதும் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல் ஓரத்தில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். எஃப்எஃப்பி2, என்95 வகைகள் முகத்தோடு ஒட்டி உட்காரும்படி செய்யப்பட்டவை. என்95 என்றால் சோதனைத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும், ஐரோப்பிய முறையான எஃப்எஃப்பி2 குறைந்தது 94 சதவீதம். எங்கள் ஊர்க் கடைகளில் அதிகம் கண்ணில் படுவது எஃப்எஃப்பி2-வும் சீனத் தரமான கேஎன்95-உம்தான். கேஎன்95 வாங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2020, 2021-இல் சோதித்தவற்றில் ஏறத்தாழ 60 சதவீதம் தரத்தை எட்டவில்லை. மாஸ்க்கின் மேலேயே தரத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதா, தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நான் வாங்குகிறேன்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். என்95-ஐயும் சர்ஜிக்கல் மாஸ்க்கையும் நேருக்கு நேர் நிறுத்திய ஒரு பெரிய ஆய்வில் வித்தியாசம் குறைவாகவே வந்தது. கனடா, இஸ்ரேல், பாகிஸ்தான், எகிப்து என்று நான்கு நாடுகளில் 1,009 மருத்துவ ஊழியர்கள். 2022-இல் வெளியானது. சர்ஜிக்கல் போட்டவர்களில் 10.46 சதவீதம், என்95 போட்டவர்களில் 9.27 சதவீதம் பேருக்குக் கோவிட் வந்தது. அவர்கள் வேலை நேரத்தில் மட்டும் அதைப் போட்டார்கள். வீட்டிலோ விசேஷத்திலோ நோய் தொற்றியிருந்தாலும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதனால் என்95 தேவையே இல்லை என்று இதை வைத்து நான் முடிவு செய்யமாட்டேன். ஆனால் எஃப்எஃப்பி2 போட்டால் எதுவும் அண்டாது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல எச்சரிக்கை.

இந்த நாட்டில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றித்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எம்புமலாங்கா மாநிலத்தில் விட்பேங்க் என்று முன்பு சொன்ன ஊர், இப்போது எமலாஹ்லேனி. அங்கே மருந்துக்கு மசியாத காசநோய் வந்த 17 பேர் தங்கியிருந்த வார்டுக் காற்றைக் குழாய் வழியாக இரண்டு அறைகளுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு அறையிலும் 90 கினி எலிகள். நோயாளிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் சாதாரணச் சர்ஜிக்கல் மாஸ்க் போட்டுக்கொண்டார்கள். மாஸ்க் போட்ட நாளின் காற்று ஓர் அறைக்கு, போடாத நாளின் காற்று மற்ற அறைக்கு. மாஸ்க் இல்லாத காற்றைச் சுவாசித்த 90-இல் 69 எலிகளுக்கு நோய் தொற்றியது. மாஸ்க் இருந்த காற்றில் 36. 2012-இல் வெளியான இந்த ஆய்வின்படி தொற்றும் ஆபத்து 56 சதவீதம் குறைந்தது. காசநோய் வைரஸ் அல்ல, பாக்டீரியா. ஆனால் அது முழுக்க முழுக்கக் காற்றில் மிதந்து பரவுகிற நோய், அதனால்தான் இந்தக் கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆரோக்கியமானவர் எதுவும் போடவில்லை, விலை உயர்ந்த மாஸ்க் எதுவும் இல்லை. நோயாளியின் வாயை மறைத்த, ஓரம் கசிகிற சாதாரண மாஸ்க்கே பாதிக்கு மேல் குறைத்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊரில் அம்மை போட்ட வீடு நினைவுக்கு வந்தது. வாசலில் வேப்பிலை கட்டியிருப்பார்கள். அந்த வீட்டுக்குள் யாரும் நுழையமாட்டார்கள், அந்த வீட்டிலிருந்து யாரும் விசேஷத்துக்கும் போகமாட்டார்கள். கட்டுப்பாடு நோய் வந்த வீட்டில் ஆரம்பிக்கும். 1860-இல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்கள் மாரியம்மனையும் கூடவே கொண்டுவந்தார்கள். மவுண்ட் எட்ஜ்கம்ப் கோயிலில் ஈஸ்டர் சமயத்தில் கூடும் கூட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது புரியும். நோய் வந்தவர் ஒதுங்கியிருப்பதை அவமானமாக நினைக்காத அந்தப் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. இருமுகிறவர் தானாகவே மாஸ்க் போடுவதும் அதே வேப்பிலைதான்.

நேரமும் முக்கியம். ஹாங்காங்கில் 259 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வந்தது. வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வந்ததும் மற்றவர்கள் கை கழுவி, மாஸ்க்கும் போட்டால் பரவுவது குறைகிறதா என்று பார்த்தார்கள். அறிகுறி தெரிந்த 36 மணி நேரத்துக்குள் தொடங்கிய வீடுகளில்தான் பலன் தெரிந்தது. நாங்கள் தொடங்கியது மூன்றாம் நாள். அதை இன்று நினைத்தாலும் எனக்கு மனசு வலிக்கிறது. சின்னவன் முதல் இருமல் இருமிய அன்று மாலையே அவனுக்கு ஒரு மாஸ்க் மாட்டியிருந்தால்?

பாதுகாப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் பலர் பயப்படுவது அதற்குத்தான். "விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறோம், ஆக்சிஜன் குறையும்" என்பது பெரிய பயம். கரியமில வாயுவின் மூலக்கூறு மிக மிகச் சின்னது, மாஸ்க் இழைகள் அதைப் பிடித்துவைக்காது. மாஸ்க்குக்குள் இருக்கும் கொஞ்சம் இடத்தில் விட்ட மூச்சு தங்கும், அதனால் புழுக்கமும் திணறுவது போன்ற உணர்வும் வரும். அது உண்மைதான், கற்பனை இல்லை. ஆனால் ரத்தத்தில் அளந்து பார்த்தால்? அமெரிக்காவில் 2020-இல் ஒரு சிறிய ஆய்வில் நுரையீரல் நோய் இல்லாத 15 டாக்டர்களையும், கடுமையான சிஓபிடி உள்ள 15 முன்னாள் ராணுவத்தினரையும் சர்ஜிக்கல் மாஸ்க்கோடு சோதித்தார்கள். இரண்டு குழுவிலும் ரத்தத்தில் ஆக்சிஜனோ கரியமில வாயுவோ கவலைப்படும் அளவுக்கு மாறவில்லை. அத்தைக்கு இருக்கும் அதே நோய் என்பதால் இது எனக்குப் பெரிய ஆறுதல்.

எஃப்எஃப்பி2, என்95 வகைக்கு அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கொரியாவில் சிஓபிடி உள்ள 97 பேரை என்95 போட்டு ஆறு நிமிடம் நடக்கச் சொன்னபோது, 7 பேரால் கடைசிவரை போட்டிருக்க முடியவில்லை. ஏற்கெனவே மூச்சுத் திணறல் அதிகம் இருந்தவர்கள் அவர்கள். எனவே அத்தைக்கு எஃப்எஃப்பி2 மாட்டலாமா என்று எங்கள் டாக்டரிடம் கேட்டேன். க்ளினிக் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குச் சரி, நடக்கும்போது வேண்டாம், திணறினால் உடனே கழற்றிவிடச் சொல்லுங்கள் என்றார். உங்கள் வீட்டில் இதே நோய் உள்ளவர் இருந்தால் நீங்களும் கேட்டுக்கொள்வது நல்லது.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாஸ்க் போட்ட பிள்ளைகள் ஆபத்தான அளவு கரியமில வாயுவைச் சுவாசிக்கிறார்கள் என்று 2021 ஜூன் கடைசியில் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அளந்த முறை சரியில்லை என்று கேள்விகள் எழுந்து, மூன்று வாரத்துக்குள் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. திரும்பப் பெற்ற செய்தி மட்டும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அதற்காகக் குழந்தைகளுக்கு எப்படியும் மாட்டலாம் என்று ஆகாது. இரண்டு வயதுக்குக் கீழே கூடவே கூடாது, தானாகக் கழற்றத் தெரியாத யாருக்கும் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களை வற்புறுத்தத் தேவையில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காதுக்குப் பின்னால் புண், மூக்குமேல் தழும்பு, நாள் முழுக்கப் போட்டால் தலைவலி, இதெல்லாம் உண்மையான தொந்தரவுகள். காது கேளாதவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். எங்கள் தமிழ் வகுப்பில் அப்படி ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அவளோடு பேசும்போது நான் சன்னல் பக்கம் போய் நின்று மாஸ்க்கை இறக்கிவிட்டுத்தான் பேசுவேன்.

வால்வு வைத்த மாஸ்க் வேண்டாம், விட்ட மூச்சு வடிகட்டாமல் அப்படியே வெளியே போகும். முகத்துக்கு முன்னால் தொங்கும் பிளாஸ்டிக் தடுப்பும் வேண்டாம், கீழே முழுக்கத் திறந்திருக்கிறது.

இனி இடம். மாஸ்க்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். பெருவின் லிமா நகரில் மருத்துவமனை அறைகளில் அளந்தார்கள். சன்னலும் கதவும் திறந்திருந்தால் மணிக்குச் சராசரியாக 28 முறை அறைக் காற்று மாறியது. இயந்திரம் வைத்து மாற்றும் அறைகளில் 12 முறைதான். எங்களுக்கு இது நல்ல செய்தி. மின்வெட்டு வந்தால் மெஷின் நின்றுவிடும், சன்னல் நிற்காது. கோவிட் காலத்தில் மினிபஸ் டாக்ஸிகளில் இரண்டு பக்கச் சன்னலும் ஐந்து சென்டிமீட்டராவது திறந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2022 ஜூன் 22-இல் மாஸ்க் கட்டாயம் நீங்கியது, அந்த ஐந்து சென்டிமீட்டரும் எல்லாருக்கும் மறந்துபோனது. ஜூலை காலையில் டர்பன் நகருக்குப் போகும் டாக்ஸியில் ஏறிப் பாருங்கள், பதினைந்து பேர், எல்லாச் சன்னலும் சாத்தி, முக்கால் மணி நேரம். எங்கள் வீட்டுக்கு நோய் வரும் பெரிய வாசல் அதுவும் பள்ளிக்கூடமும்தான்.

அதனால் எங்கள் முடிவு இப்படி வந்தது. டாக்ஸியில் போகும் என் கணவருக்கும் மகளுக்கும் எஃப்எஃப்பி2. தலைக்குப் பின்னால் வார் போகிற வகை, காதில் மாட்டுவதைவிட அது முகத்தோடு நன்றாக ஒட்டுகிறது. போட்டதும் இரண்டு கையாலும் மூடிப் பலமாக மூச்சு விட்டுப் பார்த்து, ஓரத்தில் காற்று வந்தால் சரிசெய்கிறார்கள். க்ளினிக், மருந்தகம் வரிசைக்கும் அதுதான். டர்பன் இருக்கும் எங்கள் மாநிலத்தில் காசநோய் இருக்கும் நிலைமையில் க்ளினிக் பெஞ்சில் மாஸ்க் இல்லாமல் உட்கார எனக்குத் தைரியமில்லை, ஃப்ளூ காலமோ இல்லையோ. ஒரு மாஸ்க்கைக் காகிதப் பையில் போட்டு உலரவைத்து ஐந்து முறைவரை போடுகிறோம். நசுங்கினாலோ, ஈரமானாலோ, வார் தளர்ந்தாலோ குப்பைக்கு. இப்படிச் செய்தால் செலவு கொழுந்தன் பயந்த அளவுக்கு வரவில்லை.

வீட்டில் யாராவது இருமினால், அன்றைக்கே, அந்த மணி நேரமே, அவருக்குச் சர்ஜிக்கல் மாஸ்க். அத்தையைக் கவனிக்கிறவருக்கு எஃப்எஃப்பி2. இருமுகிறவர் கீழே படுப்பார், அத்தை மாடி அறையில், சன்னல் ஒரு சாண் திறந்து, கூடுதலாக ஒரு கம்பளி. வீட்டுக்குள் அத்தைக்கு மாஸ்க் கிடையாது. அவருடைய மூச்சுக்குப் பாரம் ஏற்றுவதைவிட மற்ற ஐந்து பேர் சுமப்பது நியாயம். ஏப்ரலிலேயே அவருக்கு ஃப்ளூ ஊசி போட்டாகிவிட்டது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் அரசு க்ளினிக்கில் இலவசமாகவே போடுகிறார்கள். மாஸ்க்கைப் பற்றிச் சண்டை போடுகிற எத்தனை வீட்டில் அந்த ஊசி போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கோயில் விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் கொஞ்சம் விவாதம் உண்டு. ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா இங்கே நடுக் குளிர்காலத்தில் வருகிறது. பந்தலில் திறந்த வெளியில் நிற்கும்போது ஆரோக்கியமானவர்களுக்கு மாஸ்க் தேவையில்லை என்பது என் கருத்து. மண்டபத்துக்குள் இருநூறு பேர் சேர்ந்து பஜனை பாடும்போது வேண்டும், ஏனென்றால் பேசுவதைவிடப் பாடும்போது துளிகள் அதிகம் வெளிவரும். காவடிக்கு விரதமிருந்து தாடி வளர்த்திருக்கும் ஆண்களுக்கு எஃப்எஃப்பி2 முகத்தில் ஒட்டாது. அவர்கள் சன்னல் ஓரமாக நிற்கட்டும், அவர்களிடம் விரதத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. இந்த ஆடிக்கு அத்தையைக் கூட்டிப்போவதாக இருக்கிறோம், பந்தல் வரைக்கும்.

துணி மாஸ்க்கைப் பற்றி அத்தையிடம் நானே சொன்னேன், வேறு யார் வாயாலும் அவர் கேட்க வேண்டாம் என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப துணி நல்லாருந்தும் ஓரத்துல காத்துப் போறதுதான் குறைங்கிற, இல்லையா?" என்றார். ஆமாம் அத்தை, சர்ஜிக்கல் மாஸ்க்கில் அதுதான் குறை என்றேன். அமெரிக்காவில் 2021-இல் செய்த ஒரு சோதனையையும் சொன்னேன். சர்ஜிக்கல் மாஸ்க் மட்டும் இருமல் துகள்களில் ஏறத்தாழ பாதியைத் தடுத்தது. அதன் மேல் துணி மாஸ்க் போட்டு அழுத்தியதும் 85 சதவீதம் நின்றது. மறுநாள் காலையில் மாடியிலிருந்து மெஷின் சத்தம் கேட்டது. அகலமான எலாஸ்டிக்கில் இரண்டு பக்கமும் பித்தான் வைத்து, மாஸ்க்கின் காது வாரைப் பிடரிக்குப் பின்னால் இழுத்துப் பூட்டும் பட்டைகள் தைத்துக்கொண்டிருந்தார். சின்னவன் தலைக்குத் தனி அளவு. அதை மாட்டிச் சர்ஜிக்கல் மாஸ்க் போட்டபோது அவன் கண்ணாடியில் ஆவி படியவில்லை. இதுவரை பதினாறு தைத்திருக்கிறார், நான்கு பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது.